ஜக்தல்பூருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்

அந்த அழைப்பு வந்தபோது வீட்டில் அம்மாவும் சித்தப்பாவும் நானும் இருந்தோம். அப்பா இல்லை. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில், ஜக்தல்பூர் பக்கம் இருந்தார். எங்கள் பரமத்தி வேலூர்ப் பக்கத்திலிருந்து அப்படி எட்டு மாதம், பத்து மாதம் போய்விடுகிறவர்கள் ஏராளம். "அங்க போகோணும்னா ஒரு பகலும் ஒரு ராத்திரியும்" என்பார். தூரத்தை அவர் கிலோமீட்டரில் சொல்லி நான் கேட்டதில்லை.

காலை ஒன்பது மணி இருக்கும். ரிக் மேனேஜர்தான் பேசினார். குழாய் சரிந்து அப்பாவின் நெஞ்சில் அடித்துவிட்டது. ஜக்தல்பூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "நெனவு இருக்குதுங்க தம்பி. அம்மாவப் பாக்கோணுங்கறாரு. சட்டுனு கெளம்பி வாங்க."

சித்தப்பா இருபது வருடம் லாரி ஓட்டியவர். "அண்ணி, பொறப்படுங்க. கூட்டாளி கார் இருக்குது. நிக்காம ஓட்டுனா நாளைக்குப் பதனோரு மணிக்கு அண்ணங்கிட்ட நிக்கலாம்" என்று சட்டையை மாட்டினார்.

நான்தான் தடுத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். கைப்பேசியில் சேலம் விமான நிலையம், ஜக்தல்பூர் விமான நிலையம் என்று தட்டினேன். தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒன்றே முக்கால் மணி என்று வந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே அழகாக ஒரு கோடும் போட்டிருந்தார்கள்.

"நான் தொப்பூர் தாண்டறதுக்குள்ள நீ அங்க எறங்கீருவே போல" என்று சிரிக்கப் பார்த்தார் சித்தப்பா. பிறகு, "நெசமாலுமே பிளேன் போகுதாடா?" என்றார்.

"போகாமயா நேரம் போட்டிருப்பாங்க?"

அம்மா என் முகத்தைப் பார்த்தார். "படிச்ச புள்ள சொல்லுது. அதையே கேப்போம்." சித்தப்பா மாட்டிய சட்டையைக் கழற்றிவைத்தார். பிளேனில் வருகிறோம் என்று மேனேஜருக்கும் சொல்லிவிட்டேன்.

டிக்கெட் எதிலும் காட்டவில்லை. நெட் சரியில்லை என்று நினைத்தேன். மதியம் வரை தேடிவிட்டு, பஸ்ஸுக்குப் போவதுபோல நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தேன். அதே கூட்டாளி காரில் ஓமலூர் பக்கத்து விமான நிலையத்துக்குப் போனபோது மணி மூன்று. வாசல் காவலர் என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், பொறுமையாகச் சொன்னார். "நேராப் பறந்தா இவ்வளவு நேரம் ஆகும்னு போட்டிருக்குதுங்க தம்பி. பறக்குதுன்னு எங்க போட்டிருக்குது? அந்த ஊருக்கு இங்கிருந்து பிளேனே இல்லீங்க."

துணிப்பையை மடியில் வைத்தபடி அம்மா காருக்குள்ளேயே இருந்தார். சென்னை, ஹைதராபாத் என்று மாறிப் போக வழி தேடி இன்னும் இரண்டு மணி நேரத்தைத் தொலைத்தேன். மறுநாள் மாலைக்கு முன்னால் போய்ச் சேர எதுவும் இல்லை. ஐந்து மணிக்குச் சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தார். எங்கும் நிற்கவில்லை.

மறுநாள் மாலை ஐந்துக்கு ஜக்தல்பூர் சேர்ந்தோம். அப்பா மதியம் ஒரு மணிக்குப் போய்விட்டிருந்தார். மேனேஜர் அம்மாவிடம் சொன்னார்: "காத்தாலருந்து வாசலையேதான் பாத்துட்டிருந்தாருங்க. பிளேன்ல வாராங்கன்னு நான் சொல்லிப்போட்டேன். அப்பறம் ஏன் இன்னுங் காணோம், ஏன் இன்னுங் காணோம்னு கேட்டுட்டே இருந்தாரு."

அம்மா இதுவரை என்னை ஒரு சொல் சொன்னதில்லை. இன்றைக்கும் ரேஷன் கடைக் குறுஞ்செய்தி வந்தால்கூட என்னிடம் நீட்டி, "என்ன சாமி போட்டிருக்குது?" என்கிறார். நான் சொல்வதை அப்படியே நம்புகிறார். இப்போதெல்லாம் நான் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.

சித்தப்பா சொன்னபோதே கிளம்பியிருந்தால் மறுநாள் காலை பதினொன்றுக்கு அந்தக் கட்டிலருகே நின்றிருப்போம். பதினொன்றிலிருந்து ஒன்று வரை. என் படிப்பு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வைத்த செலவு அந்த இரண்டு மணி நேரம்.