வாய்தாவுக்கு ஒரு தேங்காய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். என் படிப்பு எட்டாவதோடு சரி. அதைவிட, நான் சொல்லப்போகிறவர் எங்கள் ஸ்ரீராம்புரம் தெருவிலேயே வளர்ந்து, வக்கீலாகி, இந்தப் பெங்களூருக்கே மேயராக இருந்தவர். பெரிய மனிதர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகும் என்பார்கள். ஆகவே குறையே சொல்லாமல் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். மாரியம்மன் சாட்சி.

அவர் வக்கீலாக இருந்தபோது, தெரு முழுவதும் தன்னுடையது என்று ஒருவன் வழக்குப் போட்டான். எங்களிடம் சரியான பத்திரம் கிடையாது. இவரிடமும் சரியான பதில் கிடையாது. ஆனால் வாய்தா வாங்கும் வித்தை இருந்தது. ஒரு முறை இருமல், ஒரு முறை சீனியருக்கு வேறு கோர்ட், ஒரு முறை வெறும் புன்னகை. வாய்தா விழுந்தால் அதுவரை வீடு இடிபடாது அல்லவா? அதனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அம்மன் கோயிலில் தேங்காய் உடைப்பது தெரு வழக்கமாயிற்று. கடைசியில் வழக்குப் போட்டவனே சலித்துப்போய்ச் சமாதானத்துக்கு வந்தான். வீடுகள் தப்பின. இவரைத் தோளில் தூக்கினோம், மாநகராட்சியில்தான் இறக்கினோம். முதலில் கார்ப்பரேட்டர், பிறகு மேயர்.

எங்களுக்கு மிச்சமிருந்தது ஒரே குறை, தெருக்கோடி ராஜகாலுவே. மழைத்தண்ணீர் போகும் பெரிய கால்வாய்க்கு இந்த ஊரில் அந்தப் பெயர். ராஜா எங்கே போனாரோ, அவர் சாக்கடை மட்டும் மழைக்கு மழை தவறாமல் எங்கள் பூஜை அறைக்கு வந்துபோகும். என் மனைவி அம்மன் படத்தை வருடத்துக்கு ஒரு தட்டு மேலே ஏற்றுவாள். அவர் மேயரானபோது அம்மன் பரணில் இருந்தாள். தரையில் விளக்கேற்றி, உட்கார்ந்து கும்பிட வேண்டும். மனைவிக்கு வேறு ஆசை கிடையாது.

தெருவே மாலையோடு போனது.

“உங்க காலுவேதானே? என் சொந்த வேலை மாதிரிண்ணா. அடுத்த மீட்டிங்ல எடுத்துக்கலாம்.”

“அதுக்குள்ள மழை வந்துடுமே சார்?”

“நோடோணாண்ணா, நோடோணா.”

‘பார்க்கலாம்’ என்பதைக் கன்னடத்தில் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் மாநகராட்சி வாசலிலேயே தேங்காயை உடைத்துவிட்டார். காவலாளி ஓடிவந்தான்.

“ஏனப்பா, இது தேவஸ்தானவா?”

“கோச்சுக்காத சாமி, வாய்தா கெடச்சிருக்கு” என்றார் அவர் சந்தோஷமாக.

அடுத்த மீட்டிங் அதற்கடுத்த மீட்டிங்குக்குப் போனது. மழை மட்டும் வாய்தா கேட்கவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதும் கேமராக்களோடு மேயரே வந்தார். பூஜை அறை என்று தெரிந்ததும் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, முழங்கால் சாக்கடையில் வெறுங்காலோடு நின்று பரணைப் பார்த்துக் கும்பிட்டார். என்ன பக்தி! மேயர் பதவி இங்கே ஒரு வருடம்தான். அது வாய்தா கேட்காமல் முடிந்துபோனது.

இப்போது மறுபடி கறுப்புக் கோட்டு. போன மழைக்குப் பிறகு அவரே வீட்டுக்கு வந்தார்.

“மாநகராட்சி மேல கேஸ் போடலாம்ணா. இவ்ளோ வருஷமா ஒண்ணுமே செய்யல பாருங்க!”

போட்டோம். வேறு யாரைத் தெரியும் எங்களுக்கு? முதல் நாளே கோர்ட்டிலிருந்து முகம் சிவந்து வெளியே வந்தார்.

“அநியாயம்ணா! அந்தப் பக்கம் வாய்தா வாங்கிட்டாங்க.”

என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்: “அப்ப தேங்கா வாங்கியாரட்டா சார்?”

அவர் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார்.

அம்மன் இன்னும் பரணில்தான். மனைவி ஸ்டூல் போட்டு ஏறி விளக்கேற்றுகிறாள். அம்மனும் எங்களுக்கு வாய்தாதான் கொடுத்து வருகிறாள். ஆனால் அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் ஓட்டுக் கேட்டு வந்தவள் இல்லையே.

படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஒரு வாய்தாவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எங்கள் வீடு நிற்பது அவரால். அதற்குள் தண்ணீர் நிற்பதும் அவரால். சொன்னால் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.