கைப்பிடிக்கு வந்த கனம்

எனக்கு ஒன்பது வயதில், ஒரு ஜோடி மாடு இழுத்தும் அசையாத கல்லை நான் ஒருத்தியாக நகர்த்தினேன். திருத்தணி மலைமேல் ஒரு மண்டபத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்த வருஷம் அது. சரிவில் மரச்சட்டத்தின்மேல் கல்லைக் கிடத்தி, இரும்புக் கயிறு பூட்டி, மேலேயிருந்து வின்ச் என்ற கைசுற்று இயந்திரத்தால் இழுப்பார்கள். என் நைனாதான் அந்த வின்ச்சுக்கு மேஸ்திரி. அதைச் சுற்றும் இருவரில் ஒருவர் அம்மாவின் தம்பி, என் மாமா. பள்ளிப்பட்டிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ஆவணியில் அவருக்கும் என் அக்காவுக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

அன்று மதியம் நான் கூழ் கொண்டுபோனேன். மாமாவோடு சுற்றும் ஆள் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கியிருந்தார்.

"நீ சுத்திப் பாரும்மா" என்றார் நைனா.

கைப்பிடியில் முழு உடம்பையும் தொங்கவிட்டுச் சுற்றினேன். பல்சக்கரத்தின்மேல் ஓர் இரும்பு நாக்கு டக் டக்கென்று விழுந்தது. சக்கரம் பின்னுக்கு ஓடாமல் தடுப்பது அந்த நாக்குதான். பத்துச் சுற்றில் கல் நாலு விரற்கடை ஏறியது.

"கல்லு இவ்ளோ லேசா நைனா?"

"கல்லு எங்கம்மா லேசாச்சு? சக்கரங்க வழியா வர்றப்போ கைக்குக் கொஞ்சந்தான் தெரியுது."

எங்கோ கிடக்கும் பாரத்தையும் நடுவிலுள்ள சக்கரங்களின் கனத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கே அது எவ்வளவுக்குச் சமம் என்று கணக்குப் போடுவதைப் பிற்காலத்தில் என் மகன் கல்லூரியில் படித்தான். சமான நிறை என்றான். நைனா அதை ஒரே வரியில் சொல்லியிருந்தார். சொன்ன கையோடு மறந்தும் போனார்.

நான் நகர்த்திய கல், பாறையொன்றில் இடறிக் கோணிக்கொண்டது. நிமிர்த்த வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னுக்கு விட வேண்டும். இரண்டு பேர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்த பிறகுதான் நாக்கைத் தூக்கலாம் என்பது ஓவர்சியரின் கண்டிப்பான உத்தரவு.

"அவன் வந்துகினு கீறான் பாவா. வந்துரட்டும்" என்றார் மாமா, நைனாவிடம்.

"கொழந்தையே சுத்துச்சு. உன்னால புடிக்க முடியாதா? புடிடா!"

நைனா காலால் எத்தி நாக்கைத் தூக்கினார். இடறிய கல் சட்டென்று விடுபட்டுக் கயிற்றை வெடுக்கென இழுத்தது. கல் மெதுவாகத்தான் இறங்கியது. கைப்பிடிதான் மாமாவின் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு, கண்ணுக்கே தெரியாமல் சுழன்றது. கீழே சரிவில் ஆட்கள் இருந்தார்கள். மாமா அவர்களைப் பார்த்தார். வலது கையை நீட்டி மறுபடி கைப்பிடியைப் பிடிக்கப் போனார்.

சத்தம் ஏதும் எனக்கு நினைவில்லை. மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. கல் ஒரு மரத்தில் முட்டி நின்றது. கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கைப்பிடி அடித்து நொறுக்கிய கையை ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அங்கே போகும் வழியில் நைனா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "ஓவர்சியர் கேப்பாரு. நாக்கத் தூக்குனது மாமாதான்னு சொல்லு, ஆங்?" அவர் குரல் வழக்கம்போல் இல்லை. நான் தலையாட்டினேன்.

ஓவர்சியர் மாமாவின் கட்டிலருகே நின்று கேட்டார். "மாமாதான் சார்" என்றேன். நைனாவின் முகம் இன்னும் தெளியவில்லை என்று பட்டது. "நைனா வேணாம்னு சொன்னாரு, மாமா கேக்கல" என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மாமா நைனாவைப் பார்க்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆங் சார். நான்தான் தூக்கினேன்."

நைனாவின் வேலை நிலைத்தது. மாமாவை ஊருக்கு அனுப்பினார்கள். தன் தப்பால் கையைத் தொலைத்தவன் என்ற பேரோடுதான் போனார். ஐப்பசியில் அக்காவை வேறிடத்தில் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டாமென்று அக்கா அழுதபோது, "அவசரக்காரன்கிட்ட உன்ன எப்படி ஒப்படைக்கிறது?" என்று அம்மா கேட்டாள். நைனா எழுந்து வெளியே போய்விட்டார். கடைசிவரை அவர் அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. நானும்தான்.

அன்று ஆஸ்பத்திரியில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஓவர்சியர் வைத்துவிட்டுப் போன ஆரஞ்சை மாமா இடது கையால் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீ துன்னும்மா. எனக்கு உரிக்க வராது."

ஓவர்சியர் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொன்னதால்தான் கொடுக்கிறார் என்று நினைத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே, ஒரு சுளைகூட அவருக்குக் கொடுக்காமல் முழுதும் தின்றேன்.