மேற்குச் சுவரின் சூடு

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவர் கட்டிலை மேற்கு அறையில் போட்டோம். அங்கே ஜன்னல் பெரியது. திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் நின்று கிளம்புகிற ரயில்களைப் படுத்தபடியே பார்க்கலாம். அந்த ரயிலில்தான் ஆவடிக்கு வேலைக்குப் போய் வந்தார். பேச்சு குழறிப் போனவருக்கு அந்த ஜன்னல்தான் துணை.

ஆனால் கோடையில் அந்த அறையில் இருக்க முடியாது. எங்களுடையது கடைசி மாடி. மத்தியானத்துக்கு மேல் அவருக்கு மூச்சு வாங்கும். ஒருநாள் மயங்கியே போனார். இந்தச் சூடு உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏ.சி. போட்டால் சளி கட்டிக்கொண்டது. அடுத்த கோடைக்குள் ஓசூருக்கு வந்துவிடுங்கள் என்று மகன் முடிவாகச் சொன்னான். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சூடு மேலேயிருந்துதான் இறங்குகிறது என்று நினைத்து, சாயங்காலமானால் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டுக்காரர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். படியில் என்னைப் பார்த்தால் விடமாட்டார்.

"இன்னாக்கா, மாடில நாத்து நடப் போறியா? எங்க ஊட்டு சுவரெல்லாம் ஊறிகினு கீது."

காலி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்.

அப்போதுதான் கட்டடத்தின் கரண்ட் செலவைக் குறைக்க வழி கேட்டு, குடியிருப்போர் சங்கத்தில் ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். பசுமைக் கட்டட ஆலோசகராம். பச்சை பெயின்ட் அடிக்க ஆள் வந்திருக்கிறது என்று கீழ் வீட்டுக்காரர் சிரித்தார். அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எந்த அறை அதிகம் சுடும் என்று கேட்டாள். கையை மட்டும் காட்டினேன்.

அவளிடம் ஒரு கேமரா இருந்தது. சூடு நிறமாகத் தெரியும் என்றாள். கூரைப் பக்கம் பிடித்தாள். தண்ணீர் ஊற்றியிருந்ததால் குளிர்ந்து, நீலமாக இருந்தது. அப்படியே மேற்குச் சுவருக்குத் திருப்பினாள். தணல் அள்ளிக் கொட்டியதுபோல் சுவர் முழுக்க மஞ்சளும் சிவப்பும். அதன் நடுவில் ஐந்து விரலும் விரித்தபடி, நீலமாக ஒரு கை.

நான் ஓரடி பின்வாங்கினேன்.

"உங்க கைதாம்மா. இப்பதானே அங்க ஊணிக்கிட்டு நின்னீங்க? சுவத்தோட சூட்டை உங்க கை கொஞ்சம் வாங்கிடுச்சு."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை மங்கி மறைந்தது. எத்தனை வருடமாக ஒட்டடை அடித்துத் துடைத்த சுவர். சாயங்கால வெயில் அதற்குள் ஏறி உட்கார்ந்து, விளக்கு வைத்த பிறகும் அவர்மேல் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. காற்றைப்போலக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இந்தப் பெண் சட்டியில் இருக்கிற குழம்பைக் காட்டுவதுபோல் காட்டிவிட்டாள். வாய் தானாகத் திறந்து, கனமான திரைதான் போட்டிருக்கிறேனே என்று கேட்டுவிட்டேன்.

"திரை உள்ள இருக்கு. வெயில் அதுக்கு முன்னாடியே வந்துடுதேம்மா. அதை வெளியிலயே நிறுத்தணும்."

சங்கக் கூட்டத்தில் அந்தப் படங்களைக் காட்டினாள். கீழ் வீட்டுச் சுவரும் அப்படியே எரிந்தது. கீழ் வீட்டுக்காரர் முன்னால் குனிந்து பார்த்தார். பிறகு, முதலில் அந்தப் பக்கத்தைச் செய்யுங்கள் என்று அவரே எழுந்து பேசினார். மேற்குச் சுவருக்கு வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். சுவரையும் ஜன்னலையும் ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி, சாய்ந்த பட்டைகள் வைத்த சட்டம் நிறுத்தினார்கள். இடையில் காற்று ஓடியது. பட்டைகளின் சந்தில் ரயிலும் தெரிந்தது.

இருந்தாலும் எனக்குப் பயம்தான். சித்திரை வரட்டும் என்று மகனிடம் தவணை சொல்லி வைத்திருந்தேன்.

சித்திரையும் வந்தது. மத்தியானம் தாண்டியும் வெளியே தார் இளகுகிற வெயில். அவரைத் துடைத்துவிடலாம் என்று ஈரத் துணியோடு அறைக்குள் போனேன். கழுத்தில் வேர்வை இல்லை. மூச்சு சீராக வந்தது. என்னைப் பார்த்து வாயைக் கோணி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"ஃபேனைக் கொஞ்சம் கொறைச்சி வை."

சித்திரை மாதத்துப் பகலில் அந்த அறையில் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. ரெகுலேட்டரைத் திருப்பினேன். பிறகு மகனுக்கு நானே போன் போட்டேன்.

"வண்டி அனுப்பாதப்பா. அப்பா இங்கியே இருப்பாரு."