பிழச்சு போகும்

எனக்குப் பத்து வயது இருக்கும்போது மனசை அளக்கிற ஒரு மேடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மனசைப் பற்றிக் காலேஜில் பெரிய படிப்பு படிக்கிறவர் என்று டீச்சர் சொன்னார். அளக்கிறதென்றால் டேப் கொண்டு வருவார் என்று நினைத்தேன். பேனாவும் கேள்விகளும்தான் கொண்டு வந்திருந்தார்.

அப்போது நாங்கள் திருவனந்தபுரத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்பா மட்டும் சில வருஷம் முன்பே வந்துவிட்டார். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் புரோட்டா மாஸ்டர். அரிசி மண்டிகளுக்குப் பின்னால் ஒரே அறையில் குடியிருந்தோம். வந்த கொஞ்ச நாளில் தம்பி பிறந்தான். அவன் பிறந்ததிலிருந்து அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பேச்சும் இல்லை. சில நேரம் தலையணை நனைந்திருக்கும். தம்பியைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டாலும் திரும்ப மாட்டாள். பால் வற்றிப்போயிற்று. பக்கத்து அறைக்காரர்கள் மடி என்றார்கள், சோம்பலாம். அப்பா ஊருக்குப் போய்க் கயிறு மந்திரித்து வந்து கட்டினார். இப்போது அதற்கு ஒரு பெயர் சொல்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். அப்போதும் இருந்திருக்கும். எங்கள் அறைக்கு வந்து சேரவில்லை.

அதனால் வீட்டை நான் பார்த்தேன். இதில் பெருமைப்பட ஒன்றும் கிடையாது. யாராவது பார்க்க வேண்டும். பார்த்தேன்.

மேடம் தமிழையும் மலையாளத்தையும் கலந்து கேட்டார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"காலையில யாரு எழுப்பும்?"

"யாரும் எழுப்ப வேண்டாம். நானே எந்திரிச்சிருவேன்."

"தலை பின்னுறது?"

"நான்தான்."

"கடைக்குத் தனியா போகுமோ?"

"போவேன். வெண்டைக்காய ஒடிச்சுப் பாத்துதான் வாங்குவேன். இல்லன்னா முத்தலத் தள்ளி விட்டுருவாங்க."

மேடம் சிரித்தார். ஸ்டவ் பற்ற வைப்பாயா, குழந்தையைக் குளிப்பாட்டுவாயா, கையில் வெட்டுப்பட்டால் என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டே போனார். காப்பித்தூள் வைத்து அமுக்குவேன் என்றேன். பதில் சொல்லச் சொல்ல அவர் புருவம் மேலே போயிற்று. பரீட்சையில் எனக்கு இப்படி ஒருநாளும் வாய்த்ததில்லை. கேட்டதெல்லாம் தெரிந்தது.

கடைசியில், "கஷ்டம் வந்தா யாருட்ட சொல்லும்?" என்றார்.

இதற்கு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

"எதுக்குச் சொல்லணும்? நானே பாத்துக்கிடுவேன்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு டீச்சரைப் பார்த்தார். இரண்டு பேரும் வேகமான மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். என் மலையாளம் கடை மலையாளம். என் காதில் விழுந்தது ஒன்றுதான். "ஈ குட்டிக்கு எந்தொரு கழிவாணு!"

கழிவு என்றால் எங்கள் ஊரில் சாக்கடையில் போவது. எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்ன பிறகு இப்படிச் சொல்கிறார்களே என்று இருந்தது. அழவில்லை. மறுநாள் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் மலையாளத்துப் பிள்ளையிடம் கேட்டேன். அவள் சிரித்துச் சரிந்துவிட்டாள்.

"எடீ பொட்டி! கழிவுன்னா சாமர்த்தியம்டீ. நீ வலிய ஆளாணுன்னு பறஞ்சதாக்கும்."

அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்த நடை வேறு. அப்பா வந்ததும் சொன்னேன். மனசை அளக்கிற மேடமே சொன்னார்கள், எனக்கு எல்லாம் தெரியுமாம். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அப்படியா சொன்னாவ?" என்றார். இரண்டாம் தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து, "ஏட்டி, அம்மை எந்திரிக்கிற மட்டும் நீ வீட்டுல இரி. ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றார்.

நான் வராததைப் பார்த்து டீச்சர் தேடி வந்தார். ஹோட்டலில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்து அப்பா படுக்க வந்திருந்த நேரம். இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். அம்மா சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்.

"டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க" என்றார் அப்பா. "இவ வந்துட்டா கைப்புள்ளைய யாரு பாக்க? நான் மாவு பிசையவா, தொட்டில ஆட்டவா? ஒங்க மேடமே சொல்லிட்டாவ, இவளுக்கு எல்லாம் தெரியும்னு."

டீச்சருக்குத் தமிழ் பாதிதான் வரும். இருக்கிற தமிழை எல்லாம் கூட்டி நிதானமாகச் சொன்னார். "மேடம் பறஞ்சது அது மட்டும் அல்ல. எல்லாம் தனியா செய்யுற குட்டிய நினைச்சாதான் பயம்னு சொன்னாங்க. குட்டின்னா அழணும். கேக்கணும். எனக்கு முடியாதுன்னு சொல்லணும். அதும் ஒரு கழிவாணு. இவளுக்கு அது இல்ல."

அப்பா சிரித்தார். "அழுறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு டீச்சரம்மா? அத இங்கயே ஒருத்தி படிச்சு வச்சிருக்கா."

அம்மாவின் முதுகு அசையவில்லை.

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் தமிழ் போயிற்று. "படிக்கான் விட்டில்லெங்கில் ஈ குட்டி பிழச்சு போகும், கேட்டோ!"

அப்பாவின் முகம் மலர்ந்தது.

"அப்படிச் சொல்லுங்க! பொழச்சுப் போவும். அதத்தான நானும் சொல்லுதேன்."

டீச்சர் குடையைக் கையில் எடுத்தார்.

அந்தச் சொல் எனக்கு விளங்க ரொம்பக் காலம் ஆயிற்று. வளர்ந்த பிறகு ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையலுக்கு நின்றேன். கூட நின்ற சேச்சி காய் நறுக்கிக்கொண்டே பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி, "அவன் பிழச்சு போயி" என்றாள். "நல்லதுதான சேச்சி" என்றேன். நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது. "நல்லதோ? குடிச்சு நசிச்சு கிடக்குறான், நினக்கு நல்லதோ?" என்று வைதாள். அப்புறம்தான் சொன்னாள். மலையாளத்தில் பிழச்சு போவது என்றால் கெட்டுப்போவது, வழி தவறிப்போவது. எங்களுக்கு உயிர் தப்புவது, எப்படியோ வாழ்ந்துவிடுவது. படிக்க விடாவிட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்று டீச்சர் சொன்னார். விடாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும் என்று அப்பா எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அத்தனை வருஷம் அந்த ஊரில் இருந்த அப்பாவுக்கு அது தெரியாதா என்று தெரியவில்லை. ஹோட்டல் அடுப்படியில் எல்லாரும் எங்கள் ஊர்க்காரர்கள். தெரியாமலும் இருந்திருக்கலாம். கேட்கத் தோன்றியபோது அப்பா இல்லை. அம்மா மெல்ல மெல்ல எழுந்தாள். தம்பி படித்தான். நான் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை. டீச்சர் சொன்னது நடந்ததா, அப்பா சொன்னது நடந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இருக்கிறேன்.

அன்றைக்கு டீச்சர் உடனே போய்விடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நினக்குப் படிக்கணுமோ? நீ சொல்லு."

உனக்கு என்ன வேண்டும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. தம்பி இடுப்பில் இருந்தான். அப்பா என்னையே பார்த்தார். சாமர்த்தியக்காரி என்று பெயர் வாங்கியாயிற்று. அதைக் காட்ட வேண்டிய இடம் இதுதான் என்று எனக்குப் பட்டது.

"நான் பாத்துக்கிடுவேன் டீச்சர்."

"அதல்ல நான் கேட்டது."

"பாத்துக்கிடுவேன்."

டீச்சர் எழுந்தார். வாசலில் செருப்பைப் போடக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். வாரைத் தொட்டார். தலையைத் தூக்கி, கேட்டதற்கு இன்னும் பதில் வராதவர் போல என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். மறுபடி பார்த்தார். வார் அறுந்துபோயிற்று, சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

"ஊசி நூலு கொண்டு வரட்டா டீச்சர்? நான் தச்சுத் தாரேன்."

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். பார்த்தேன், புதுச் செருப்பு. வார் நன்றாகத்தான் இருந்தது. பின்னே எதற்கு அவ்வளவு நேரம் நின்றார் என்று தம்பிக்குப் பால் ஆற்றும்போது யோசித்தேன்.