அக்காவின் வலப்பக்கம்

தொண்ணூறுகளின் கடைசி. அரசாங்க அலுவலகங்களைத் தணிக்கை செய்தே ஓய்வுபெற்றவன் நான். அத்தான் இறந்தபின் என்னோடு இருந்த அக்காவைச் சேர்க்க, ஊருக்கு வெளியே பொம்மசந்திரா தாண்டி ஒரு முதியோர் இல்லத்துக்கு அவளையும் அழைத்துப் போனேன். உரிமம், தீயணைப்புக் கருவி, டாக்டர் வருகைப் பதிவேடு என்று குடைந்ததில் மேனேஜருக்கு வியர்த்துவிட்டது.

"இடம் பிடிச்சிருக்காக்கா?" என்றேன். பதில் இல்லை. ஒரு வருடமாக இப்படித்தான். பிடிவாதம் என்று முடிவுகட்டியிருந்தேன்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா எழுந்து வந்தாள். "சார், அவங்களுக்கு உங்க பக்கத்துக் காது கேக்கல. மறுபக்கம் நான் பக்கெட் வெச்சா சத்தம் கேட்டுத் திரும்பறாங்க, நீங்க பேசினா திரும்பல." வலப்பக்கம் குனிந்து, "இங்க இருக்கீங்களாம்மா?" என்று சத்தமாகக் கேட்டாள்.

அக்காவுக்குக் கண் கலங்கியது. "தம்பி எங்கிட்ட பேசறதையே விட்டுட்டான். நான் எங்க இருந்தா என்ன?"

வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் நான் அவளுக்கு இடப்பக்கம்தான்.

அந்த இல்லத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அக்காவை வீட்டுக்கே அழைத்து வந்தேன். அன்றிலிருந்து அவளுடைய வலப்பக்கம் என் நாற்காலி. அத்தனை கேள்வி கேட்ட நான், அந்த ஆயாவின் பெயரை மட்டும் கேட்கவில்லை.