நாய் இறகு பிடுங்காது

கொலை செய்யாத நாய் ஒன்று கொலைப்பழியோடு குவைத்திலிருந்து விமானம் ஏறியது. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அன்றைக்கு ஏறிய ஆத்திரம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. பாக்தாதில் அதிபரின் சிலையை இழுத்துத் தள்ளியதற்கு அடுத்த வருஷம் என்பதால் பெரியவர்கள் எல்லோரும் யுத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நாயைப் பற்றிப் பேசினேன். ஒருவரும் காதுகொடுக்கவில்லை.

குவைத்தின் ஃபஹாஹீல் டவுனுக்குப் பக்கத்தில், கடலோரச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரே மதிலுக்குள் எட்டு வாடகை வில்லாக்களும் முதலாளியின் பெரிய வீடும் இருந்தன. அப்பாவின் விசாவில் ‘டெக்னீசியன்’ என்று எழுதியிருந்தது. குழாய் ஒழுகினாலும் அப்பா, ஏசி நின்றாலும் அப்பா, செடி வாடினாலும் அப்பா. அம்மா ஃபஹாஹீலில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். மோட்டார் ரூமுக்குப் பின்னால் முதலாளி கொடுத்திருந்த இரண்டு அறைகளில்தான் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம்.

இத்தனை வேலைகளோடு அப்பாவுக்குப் புறா வேலையும் உண்டு. முதலாளியின் மனைவி ஆறு வெள்ளைப் புறாக்கள் வளர்த்தார். அந்த வீட்டு வேலைக்காரிகள் அவரை ‘மாமா’ என்று கூப்பிடுவார்கள், அங்கே எஜமானியை அப்படித்தான் கூப்பிடுவது. எனக்கோ மாமா என்றால் அம்மாவின் தம்பி, கொத்து மீசைக்காரர். அந்த அம்மாளை யாராவது அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அவர் முகத்தில் மீசை தெரியும், வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். புறாக்களை அவருக்குக் கொடுத்தது இறந்துபோன அவருடைய தகப்பனார். ஆள் நின்று நடக்கிற உயரத்தில் கம்பிவலைக் கூண்டு கட்டி, அதற்குக் கதவும், வெளியிலிருந்து மாட்டுகிற கொண்டியும் வைத்திருந்தார்கள். கதவைத் திறப்பதும் மூடுவதும் அப்பா ஒருவர்தான். அப்பாவுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஒரு கிளியைத் தவறிப் பறக்கவிட்டார் என்று ஒரு வாரத்தில் விசாவை ரத்து செய்து ஊருக்கு ஏற்றிவிட்டார்களாம். அம்மா இதை அடிக்கடி சொல்வாள். அந்தக் கிளி எங்கே போயிருக்கும் என்பதுதான் என்னுடைய கவலையாக இருந்தது.

அந்த மீசைக்கார மாமன் டிரைவர். ஃபஹாஹீலில் ஆறு பேரோடு ஒரு ரூமில் இருந்தார். எங்கள் காம்பவுண்டின் நாலாம் நம்பர் வில்லாவில் இருந்த வெள்ளைக்கார இஞ்சினியரை எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் அவருடைய டியூட்டி. வெள்ளைக்காரருக்கோ எண்ணெயைப் பற்றிப் பேசவே பிடிக்காது. அவர் இங்கிலாந்தில் ஏதோ ஒரு நாட்டுப்புறத்துக்காரர். வழிநெடுக அவர் ஊர் வேலியும், அந்த வேலிக்குள் இருக்கும் பிராணிகளும்தான் பேச்சு.

“ஒரு மணிக்கூர் ஓட்டம் அக்கா. ஒரு மணிக்கூரும் குருவி, எலி, நரி. எனக்க காது புளிச்சுப்போச்சு” என்று மாமன் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் மீன்கறிச் சட்டியைத் திறந்துகொண்டே புலம்புவார். புலம்பி முடித்ததும் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொல்லியும் காட்டுவார். முள்ளெலி என்ற சொல் அவருக்குத் தெரியாது, ஆங்கிலத்தை அப்படியே பிரித்து ‘வேலிப்பன்னி’ ஆக்கிவிட்டார். அதற்கு வெள்ளைக்காரர்கள் கிண்ணத்தில் பால் வைப்பார்கள் என்றதும், பன்னிக்குப் பாலா என்று அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஸ்பேரோஹாக் என்ற பறவையை ‘சிட்டுக்குருவிப் பருந்து’ என்றார். பருந்து உடம்பில் சிட்டுக்குருவித் தலை வைத்த ஒன்றை நான் ரொம்ப நாள் நோட்டில் வரைந்துகொண்டிருந்தேன்.

“இது மானத்துல வட்டம் போடாது பிள்ளே. வேலிக்கு அந்தப் பக்கம் தரையோட தரையா வரும். ஒரு எம்பு எம்பி, இந்தப் பக்கம் இருக்கப்பட்டதைத் தூக்கிரும். பக்கத்து வெளையில மாங்கா களவாங்க வாற பெயலுவ மாதிரி. பிடிச்ச உடனே திங்கவும் செய்யாது. எறவ ஒண்ணொண்ணாப் பிடுங்கி சுத்திவர போடும். காம்பு முழுசா கெடக்கும். நாயோ நரியோ கடிச்சதுன்னா எறவு முறிஞ்சு, எச்சிலாகி, கொத்தாட்டுக் கெடக்கும். எனக்க தொர சொன்னது.”

“நாய் ஏன் பிடுங்காது?” என்று கேட்டேன்.

“நாய் என்ன கோழிக்கடை வச்சிருக்கா, எறவு பிடுங்கி விக்க?”

வெள்ளைக்காரரிடம் ஒரு டெரியர் நாய் இருந்தது. முழங்காலுக்குக் கீழே நிற்கும், தேங்காய் நார் மாதிரி முடி. மாமன் அதற்குக் கட்டைக்காலன் என்று பேர் வைத்தார். எங்களுக்கும் அதுவே பேராகிவிட்டது. அந்தச் சமயம் காம்பவுண்டில் எலி பெருத்துப்போய், ஒவ்வொரு வில்லாக்காரரும் அப்பாவைத்தான் ஏசிக்கொண்டிருந்தார்கள். விஷம் வைத்தும் தீரவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வெள்ளைக்காரர் கட்டைக்காலனோடு வந்து, அப்பாவை எலிப்பொந்துகளில் குழாய்த் தண்ணீரை விடச் சொன்னார். எலி வெளியே தலையை நீட்டும், கட்டைக்காலன் கவ்வி ஒரு உதறு உதறும், கீழே போட்டுவிட்டு அடுத்த பொந்துக்குப் போய் நிற்கும். திங்கவும் இல்லை, குரைக்கவும் இல்லை. அன்று இருட்டும் முன் பதினேழு எலி. அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் இரண்டு பொரித்த மீனைக் கொண்டுபோய் அதற்குக் கொடுத்தார். புறாக்கூண்டின் அடியிலும் ஒரு பொந்து இருந்ததால், அங்கே மட்டும் அது முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிவிட்டது. சிமெண்ட் போட்டு அடைக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சர்ச்சில் எங்களுக்குத் தமிழ்ப் பூசை. மாமன் வாசலில் வண்டியை நிறுத்தி ஹார்ன்மேல் கையை வைத்துவிட்டார். எனக்கோ புதுச் செருப்பு, மறைக்கல்வி வகுப்பில் எல்லோருக்கும் காட்டியாக வேண்டும். அப்பா கூண்டுக்குள் தண்ணீர்த் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்தார். ஓடிப்போய் அவருடைய ஈரக்கையைப் பிடித்து இழுத்தேன். “இன்னா வாறேன் மக்களே, ஒரு நிமிசம்” என்றார். நான் ஒரு நிமிஷம் கொடுக்கவில்லை.

பூசை முடிந்து வந்ததும் வண்டியிலிருந்து முதலில் இறங்கி ஓடியவள் நான்தான். கூண்டிலிருந்து பத்தடி தள்ளி, வேலிச்செடியின் நிழலில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. அதன் தலை பருந்துத் தலையாகத்தான் இருந்தது. நெஞ்சில் குறுக்குக்கோடுகள், மஞ்சள் கண். காலடியில் வெள்ளைப் புறா. ஒரு இறகைப் பிடுங்கிப் பக்கத்தில் போட்டது, என்னைப் பார்த்தது, இன்னொன்றைப் பிடுங்கியது. நான் கத்தினேன். தரையோடு தரையாகப் பறந்து, மதிலில் ஒரு எம்பு எம்பி மறைந்தது. மாமன் சொன்னது போலவே, மாங்காய் திருடும் பையன்கள் தோற்றார்கள்.

என் சத்தம் கேட்டு கட்டைக்காலன் ஓடிவந்து செத்த புறாவை முகர்ந்தது. மூக்கிலும் தாடியிலும் ரத்தமும் வெள்ளைத் தூவியும் ஒட்டிக்கொண்டன. பின்னாலேயே வெள்ளைக்காரர் செருப்பில்லாமல் வந்தார். அப்பாவும் வந்தார். ஆனால் அப்பா நாயையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேரே கூண்டுக் கதவுக்குப் போய், அதற்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். பின்னால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மற்ற ஐந்து புறாக்களும் உள்ளே மேல்கம்பில் ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்திருந்தன. இந்த நேரத்திலும் அப்பாவுக்குப் புறாதான் பெரிது என்று எனக்கு எரிச்சல் வந்தது. அடுத்த நிமிஷம் எஜமானி வந்தார். அவர் கண்ணில் பட்டது ரத்தத் தாடியோடு நின்ற நாய். அதோடு தீர்ப்பு முடிந்துவிட்டது.

முதலாளி மத்தியானத் தொழுகை முடிந்து வந்ததும் எல்லோரையும் கூண்டருகே கூப்பிட்டார். குரல் உயர்த்தாத மனிதர். அதுவே எல்லோருக்கும் பயம். எஜமானி அழுதுகொண்டிருந்தார். முதலாளி குழியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், பிறகு அப்பாவிடம் திரும்பி, “கதவு பூட்டியிருந்ததா?” என்று இந்தியில் கேட்டார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் போய்விட்டேன். என் ஜியோமெட்ரி பாக்ஸில் பொறுக்கி வைத்த ஒன்பது இறகுகள் இருந்தன. அதை வெள்ளைக்காரர் முன்னால் திறந்து நீட்டி, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: நாய் இல்லை, ஸ்பேரோஹாக். காம்பு முழுசா இருக்கிறது, பாருங்கள். நாய் பிடுங்காது, நீங்கள்தான் என் மாமனிடம் சொன்னீர்கள்.

அவர் ஒரு இறகை எடுத்தார். காம்பை விரலால் நெருடிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது, அவர் முகத்தில் ஒரு விநாடி சந்தோஷமே வந்தது. அப்புறம் கூண்டுக் கதவைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறகைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“நாய்தான், மேடம்” என்றார் ஆங்கிலத்தில். “என் நாய்தான். இதோ, இந்தக் குழி வழியாகப் போயிருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.”

“பொய்! பொய் சொல்றாரு!” என்று நான் தமிழில் கத்தினேன். “ஒங்க நாய்க்க மேலேயே பொய் சொல்றீங்களே, வெக்கமா இல்லியா?”

அப்பா என்னை அடித்தார். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். எல்லோர் முன்னாலும், புதுச் செருப்போடு, உண்மை சொன்னதற்காக அடி வாங்கினேன். இறகுகள் மண்ணில் விழுந்தன. “வாய மூடு” என்று அப்பா சொன்ன குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது.

ஒரு வாரம் கட்டைக்காலன் சங்கிலியில் கிடந்தது. கண்முன்னால் எலி ஓடும்போது அது சங்கிலியைக் கடித்துக்கொண்டு அழும். அப்புறம் மாமனே அதை ஒரு கூண்டுப்பெட்டியில் வைத்து ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோனார். இங்கிலாந்தில் வெள்ளைக்காரரின் தம்பி வீட்டுக்கு அனுப்பினார்களாம். எலிகள் திரும்பி வந்தன. விஷப்பெட்டிகளும் திரும்பி வந்தன. அப்பாவை ஏசுவதும் பழையபடி தொடங்கியது.

நான் வெள்ளைக்காரரிடம் பேசவில்லை. கிறிஸ்மஸுக்கு அவர் கொடுத்தனுப்பிய சாக்லேட் டப்பாவைப் பிரிக்காமல் அவர் வாசலிலேயே கொண்டுபோய் வைத்தேன். சொந்த நாயைக் காட்டிக்கொடுத்தவனுடைய இனிப்பு எனக்கு எதற்கு? மாமன் மட்டும், “அந்தாளு ஒண்ணும் கிறுக்கன் இல்ல பிள்ளே, விட்டுரு” என்றார். மாமனும் கட்சி மாறிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் வெள்ளைக்காரர் வேலை முடிந்து போனார். அன்றைக்கும் நான் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தேன். அப்பா அவர் பெட்டிகளைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு, அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னல் வழியாகப் பார்த்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தக் கதையை நான் கல்லூரியில் சொல்லியிருக்கிறேன், ஆஃபீஸில் சொல்லியிருக்கிறேன். வெள்ளைக்காரரின் கோழைத்தனம் என்று முடிப்பேன், கேட்டவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். போன மாதம் சாப்பாட்டு மேசையில், எத்தனையாவது தடவையோ, கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார்: “எல்லாம் சரி, கூண்டுக்குள்ள இருந்த புறா வெளியில எப்படி வந்துச்சு?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த ‘டிக்’ சத்தம் கேட்டது.

அன்றைக்கே நாகர்கோவிலுக்குப் போன் போட்டேன். “அப்பா, அன்னைக்கு நீங்க கொண்டி போடலியா?” என்று கேட்டேன். எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

“அது நல்ல நாய் மக்களே” என்றார். “அந்த மனுசனும் நல்ல மனுசன். நான் மத்தவங்க முன்னால உன்ன அடிச்சிருக்கப்பிடாது.” பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார்.

என் ஆத்திரம் இப்போதும் இருக்கிறது, ஆள்தான் மாறிவிட்டது. கொண்டி போட மறந்துவிட்டேன் என்று ஒரு மனிதன் வாய்விட்டுச் சொல்ல முடியாத, சொன்னால் குடும்பத்தோடு பெட்டி கட்ட வேண்டிய அந்த ஏற்பாட்டின்மேல் எனக்கு ஆத்திரம். அதற்கு ஒரு நாயைப் பலி கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது என்பதில் ஆத்திரம். ஆனால் ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், நாய் இறகு பிடுங்காது என்பது ஒன்றுதான். பருந்து கொண்டியைத் திறக்காது என்று தெரியவில்லை. கொண்டியைப் போடப் போன ஈரக்கையை யார் பிடித்து இழுத்தார்கள் என்று நினைத்துப் பார்க்கவும் தெரியவில்லை. அதை அப்பா அன்றைக்கும் எனக்குச் சொல்லவில்லை, போன மாதம் போனிலும் சொல்லவில்லை.