சின்னதுரைக்கு முடிக்கத் தெரியாத பாட்டு

புனேயில் ஏரவாடா சின்னதுரைக்கு நானூறு பாட்டு தெரியும். ஒன்றுக்குக்கூட முடிவு தெரியாது. அவன் மேல் குற்றமில்லை, தொழில் அப்படி. பதினைந்து வயதில் கல்யாண பேண்டில் டிரம்பெட் ஊதச் சேர்ந்தவன். மாப்பிள்ளை ஊர்வலத்தில் எந்தப் பாட்டையும் யாரும் முழுசாகக் கேட்பதில்லை. நாலு வரி ஊதினால் கூட்டம் ஆடும். ஆடுகிறவர்களில் ஒருவர் பத்து ரூபாய் நோட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார். கை உயர்ந்தால் அதே நாலு வரி மறுபடியும், இன்னும் உரக்க. இப்படியே ஊர்ந்து ஊர்ந்து மண்டபத்து வாசல் வந்து சேரும். பெண்ணின் அம்மா ஆரத்தித் தட்டோடு வந்து நிற்பாள். தட்டைக் கண்டால் பேண்டு நின்றுவிடும், பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் சரி.

அவன் மூச்சைப் பற்றி ஏரவாடாவில் ஒரு கதை உண்டு. 2001-இல் ஓர் ஊர்வலத்தில் அவன் இழுத்த ஒரே மூச்சில் மாப்பிள்ளை குதிரையிலிருந்து இறங்கி, டீ குடித்து, மறுபடி ஏறினாராம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. டீ குடித்திருப்பார், குதிரை ஏற நேரம் இருந்திருக்காது. பகலில் அவன் வேலை பார்த்த பஞ்சர் கடையில் காற்றடிக்கப் பம்பே கிடையாது என்பார்கள். அதை வேண்டுமானால் நம்பலாம்.

அப்பா மாடசாமி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். அம்மா ருக்மிணி விமான் நகரில் இரண்டு வீட்டுக்குச் சமையல். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கேட்ட நாயனத்தைப் பையன் டிரம்பெட்டுக்குள் கொண்டுவந்திருந்தான். ஒருநாள் வானவடியில் ஒரு மராத்திக் கல்யாண ஊர்வலத்தில் அந்த இழைப்பைக் கேட்டு, மூன்றாம் மாடியிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தான் கேஷவ். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், சாயங்காலங்களில் டிரம்ஸ் வாசிப்பவன். அவனும் பாடுகிற வைஷுவும் கிடார்க்கார ஷ்ரேயஸும் சேர்ந்து ‘ரிசர்வ் டேங்க்’ என்று ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். பெட்ரோல் தீர்ந்தும் ஓடுகிற வண்டி என்று அர்த்தமாம். ஊஞ்சல் பாட்டு, மராத்தி ஆட்டத்தின் லாவணித் தாளம், ராக் கிடார் எல்லாம் ஒரே பாத்திரத்தில் கொதிக்கும். அன்றிலிருந்து சின்னதுரை அதில் நாலாவது ஆள்.

2006-இல் முதல் ஆல்பம் போட்டார்கள். பெயர் ‘அரை மணி சைக்கிள்’. வாடகை சைக்கிள், சாய்த்து உதைத்தால்தான் கிளம்பும் ஸ்கூட்டர், எஸ்டிடி பூத் வாசலில் நின்ற வரிசை என்று சின்ன வயசுப் புனேயைப் பற்றியே எட்டுப் பாட்டு. இருபத்துமூன்று வயதில் ‘அந்தக் காலம்’ என்று பெருமூச்சு விட இந்தப் பிள்ளைகளால்தான் முடியும். கடைசிப் பாட்டை டிரம்பெட் தனியாக முடித்து வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. சிடியில் தன் பெயர் வரப்போகிறது என்று சின்னதுரை சந்து முழுக்கச் சொல்லிவிட்டான். ருக்மிணி சமைக்கிற இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டாள். மாடசாமி சிடி போடுகிற பெட்டியையே முன்கூட்டி வாங்கி, துண்டு போட்டு மூடி வைத்துவிட்டார்.

பதிவின் கடைசி நாள். கடைசி வரியை மூன்று தரம் ஊதி இறங்க வேண்டும். மூன்றாம் தரம் கேஷவ் ‘போதும்’ என்று கையைத் தூக்கினான். சின்னதுரை இன்னும் உரக்க ஊதினான். எட்டு வருஷப் பழக்கம், தூக்கின கை என்றால் ‘இன்னொரு தரம்’தானே. அடுத்த தடவை கேஷவ் இரண்டு கையையும் தூக்கினான். அதற்குக் கிடைத்த மரியாதையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எண்ணிக்கொண்டே ஊது என்றார்கள். எண்ணினால் ஊதல் நின்றது, ஊதினால் எண்ணிக்கை போனது. ஆறு முறை ஆயிற்று. ஸ்டுடியோக்காரர் மணியைப் பார்த்தார். நாளை காலை சிடி அச்சுக்குப் போயாக வேண்டும், கீபோர்டிலேயே டிரம்பெட் சத்தம் இருக்கிறது, அரை மணியில் முடித்துத் தருகிறேன் என்றார்.

சின்னதுரை டிரம்பெட்டைத் துடைத்துப் பையில் வைக்க ஆரம்பித்தான்.

“அவர் சொல்றது சரிதான் அண்ணே. எனக்கு வாசல் வராம நிறுத்தத் தெரியாது.”

வைஷு திரும்பினாள். “வாசல் வந்தா எப்படி நிறுத்துவே?”

“தட்டு வருமே.”

அவ்வளவுதான், அவள் வெளியே ஓடினாள். பையன் நிஜமாகவே பாட்டுக்குத்தான் போகிறானா என்று பார்க்க, சாப்பாடு கொண்டு வரும் சாக்கில் ருக்மிணி காலையிலிருந்து வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், “என் பையனுக்கு நானே சம்பந்தியம்மாவா?” என்றாள். ஆனால் எழுந்துவிட்டாள். தட்டு அவள் கொண்டுவந்த டிபன் டப்பாவின் மூடி. கற்பூரம் ஸ்டுடியோ வாசல் பிள்ளையாருடையது. உள்ளே நெருப்பா என்று பதறின ஸ்டுடியோக்காரரே கடைசியில் தீப்பெட்டியும் கொடுத்தார். சத்தம் பதிவாகும் என்று வளையலைக் கழற்றச் சொன்னார்கள். அதற்கு மட்டும் அவள் சம்மதிக்கவில்லை.

ஏழாம் முறை. கேஷவ் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். மூன்றாம் தரம் வரி தொடங்கும்போது கதவு திறந்தது. வாசலில் ருக்மிணி, கையில் எரிகிற தட்டு. சின்னதுரையின் கால்கள் தாமாகச் சேர்ந்து நின்றன. டிரம்பெட் மெல்லத் தாழ்ந்தது. நாயனம் இறங்குகிற மாதிரி அந்தச் சுரம் இறங்கி இறங்கி, தரையைத் தொட்டும் நிற்காமல் மெலிந்துகொண்டே போனது. தகர மூடிக்கு அந்தப் பொறுமை ஏது?

“போதும்லே, கை சுடுது.”

அதுவும் பதிவாகிவிட்டது. வெட்டிவிடலாம் என்றார் ஸ்டுடியோக்காரர். கத்தரியை எடுத்தால் கையை வெட்டுவேன் என்றாள் வைஷு.

ஏரவாடாவில் மட்டும் மூவாயிரம் சிடி விற்றதாகச் சொல்வார்கள். அச்சடித்ததே ஐந்நூறு. அட்டையில் ‘டிரம்பெட்: சின்னதுரை’ என்றும், அதற்கடுத்து ‘முடித்து வைத்தவர்: ருக்மிணி’ என்றும் போட்டிருந்தது. விமான் நகர் வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டு, இதில் உன் பங்கு எது என்று கேட்டாள்.

“அவன் நாலு நிமிஷம் ஊதுவான் அம்மா. அதுக்குப் பொறவு நான்” என்று சொல்லி, ருக்மிணி குழம்பை இறக்கி வைத்தாள்.